கற்பவரிடம் இருக்க வேண்டிய தீர்மானங்கள்

இரண்டாவது மொழி ஒன்றைக் கற்க விரும்புகிறவருக்கு இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. செயலிகள், காணொளிகள், ஒலிப்பதிவுகள், இணைய அகராதிகள், உரையாடும் செயற்கை நுண்ணறிவு என்று எல்லாம் கைபேசிக்குள்ளேயே வந்துவிட்டன. எந்தக் கருவி சிறந்தது என்று என்னிடம் கேட்பவர்களிடம், அதைப் பயன்படுத்தும்போது தீர்மானங்களை எடுப்பது நீங்களா, கருவியா என்று முதலில் பாருங்கள் என்றுதான் சொல்லிவருகிறேன்.

இந்தக் கேள்வியின் வேர், மொழிக் கல்வி ஆய்வாளர் ஹென்றி ஹோலெக் 1979இல் ஐரோப்பிய கவுன்சிலுக்காக எழுதிய அறிக்கையில் இருக்கிறது. தன் கற்றலுக்குத் தானே பொறுப்பேற்கும் திறனையே அவர் கற்பவரின் தன்னாட்சி என்றார். இலக்கை வகுப்பது, பாடப்பொருளையும் அதன் வரிசையையும் முடிவு செய்வது, வழிமுறையைத் தேர்ந்தெடுப்பது, கற்றல் நடக்கும் விதத்தைக் கவனித்துவருவது, கற்றதை மதிப்பிடுவது ஆகிய ஐந்தும் அந்தப் பொறுப்பில் அடங்கும். இது பிறவியிலேயே அமைந்துவிடுவதில்லை, பழகித்தான் பெற வேண்டும் என்பதையும் அவர் வலியுறுத்தினார்.

2012இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த டுவோலிங்கோ போன்ற மொழி கற்பிக்கும் செயலிகளை இந்த ஐந்தையும் வைத்துப் பார்க்கலாம். புதிய எழுத்துகளைப் பழகவும், தினமும் மொழியைத் தொடும் வழக்கத்தை உண்டாக்கவும் அவை உதவுகின்றன. தொடக்க நிலையில் அது சிறிய உதவியன்று. ஆனால் அடுத்து எந்தப் பாடம், எந்தப் பயிற்சி, விடை சரியா என்பதையெல்லாம் பெரும்பாலும் செயலியே முடிவு செய்கிறது. கற்பவருக்கு மிஞ்சுவது எப்போது, எவ்வளவு நேரம் என்ற தேர்வு மட்டும்தான். அதோடு நிறுத்திக்கொள்பவருக்கு, செயலியை மூடிய பிறகு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

வேறு விதமான கருவிக்கு, இடைவெளி விட்டு மீள்பார்வை செய்யும் மென்பொருள்களைச் சொல்வேன். கற்றது காலப்போக்கில் எப்படி மறந்துபோகிறது என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இலேயே தன் நினைவாற்றலைச் சோதித்து அளந்து வெளியிட்டார். அந்த மறதியை முந்திக்கொண்டு மீள்பார்வைக்கான நாளைக் கணிக்கும் வேலையை 1980களில் பியோத்தர் வோஸ்னியாக்கின் சூப்பர்மெமோ என்ற மென்பொருள் கணினியிடம் கொடுத்தது; 2006இல் வெளிவந்த ஆங்கி என்ற மென்பொருள் அதைப் பரவலாக்கியது. இங்கே வேலைப் பங்கீடு சரியாக அமைந்திருக்கிறது. மனிதருக்குச் சலிப்பூட்டும் கணக்கை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. எதை நினைவில் வைக்க வேண்டும் என்பதைக் கற்பவர் முடிவு செய்ய முடிகிறது.

இந்த மென்பொருள்களில் ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையுமாக மின் அட்டைகளைச் செய்துகொள்ளலாம். ஆனால் பிறர் தயாரித்த ஆயிரக்கணக்கான அட்டைகளைத் தரவிறக்கிக்கொண்டால் அந்த முடிவும் கைநழுவிவிடும். தமிழைப் புதிதாகக் கற்கும் ஒருவர் ‘கோபம்’ என்று ஓர் அட்டையில் எழுதி, மறுபக்கத்தில் தன் மொழியில் பொருளை எழுதுவதாகக் கொள்வோம். அவருக்கு ஒரு சொல் கிடைக்கும். ஆனாலும் ‘அவர் கோபம் வந்தார்’ என்றுதான் பேசுவார். தான் கேட்ட உரையாடலிலிருந்து ‘அவருக்குக் கோபம் வந்தது’ என்ற வரியை எடுத்து, ‘அவருக்கு’ என்ற இடத்தை வெற்றாக விட்டு, அந்தக் குரலையும் சேர்த்து அட்டை செய்தால், சொல்லோடு வேற்றுமை உருபும் உச்சரிப்பும் சேர்ந்தே பதியும். எந்த இடத்தை வெற்றாக விடுவது என்று யோசிக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் பாதிக் கற்றல் நடக்கிறது என்பது என் எண்ணம்.

கைபேசியின் ஒலிப்பதிவு வசதியை மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. பத்து விநாடிப் பேச்சைக் கேட்டு, அதையே பேசிப் பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எந்த நெடில் குறுகியது, எந்த இடத்தில் குரல் ஏற வேண்டியிருந்தது என்பது காதுக்கே தெரியத் தொடங்கும். மதிப்பெண் போட யாருமில்லாத இந்தப் பயிற்சி, ஹோலெக் சொன்ன ஐந்தாவது பொறுப்பான மதிப்பீட்டை நேரடியாக வளர்க்கிறது. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட பொது மொழிச் சட்டகம், மொழித்திறனின் ஆறு நிலைகளையும் ‘என்னால் இதைச் செய்ய முடியும்’ என்னும் வகை வாக்கியங்களால் விவரிக்கிறது. மாதம் ஒரு முறை தன் பதிவுகளை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரையைக் கொடுத்துத் திருத்தித் தரச் சொன்னால், பிழையற்ற கட்டுரை கிடைக்கும், எழுதியவர் இருந்த இடத்திலேயே இருப்பார். பிழை எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் காட்டச் சொல்லி, தானே திருத்திய பிறகு விளக்கம் கேட்பது நல்லது. அந்த விளக்கமும் சில வேளைகளில் தவறாக இருக்கும் என்பதால், இலக்கண நூலையோ அகராதியையோ பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தன்னாட்சி என்றால் ஆசிரியர் வேண்டாம் என்று பொருள் கொள்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. டென்மார்க்கில் லெனி டாம் என்ற ஆசிரியர் தன் வகுப்பு மாணவர்களை நாட்குறிப்பு எழுத வைத்தார். திட்டமிட்டது, செய்தது, அது எப்படி அமைந்தது என்று அவர்களே பதிந்தார்கள். அதே குறிப்பை இன்று ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பார்க்கும் இணைய ஆவணமாக வைத்துக்கொள்ளலாம். மாணவர் அடுத்த வாரத்துக்கான இலக்கை எழுத, அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், எட்டிவிட்டதை எப்படி அறிவீர்கள் என்று ஆசிரியர் ஓரத்தில் கேட்டு வைத்தால் போதும்.