சுவாமி படிப்பித்த ‘கும்’

1962இல் எங்களுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பாடம் லத்தீன். நித்திரை வரும் நேரம். ஒருநாள் எங்களுக்குப் படிப்பித்த கத்தோலிக்கச் சுவாமி கரும்பலகையில் வெண்கட்டியால் ‘கும்’ என்று எழுதினார். ‘உடன்’ என்று பொருள். இது பெயருக்கு முன்னால் வரும்: ‘கும் அமீக்கோ’, நண்பனுடன். ஆனால் நான், நீ என்று வந்தால் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும்: ‘மேக்கும்’, என்னுடன். ‘தேக்கும்’, உன்னுடன்.

“பாருங்கோ பிள்ளையள், எங்கட தமிழ் மாதிரியே பின்னால நிக்குது” என்றார். எனக்கு நித்திரை போய்விட்டது.

அப்போது பூசை லத்தீனில்தான். ‘தோமினுஸ் வோபிஸ்கும்’, ஆண்டவர் உங்களோடு என்று குருவானவர் சொல்வார். ‘எத் கும் ஸ்பிரித்து துவோ’, உமது ஆவியோடும் என்று நாங்கள் பதில் சொல்வோம். ஒன்றில் ‘கும்’ பின்னால், மற்றதில் முன்னால். எத்தனையோ தரம் சொன்னதை அந்த ஞாயிறுதான் கவனித்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு ரொறன்ரோவில் ஒரு தொழிற்சாலை வேலை. எல் சல்வடோர் போருக்குத் தப்பி வந்த நண்பர் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் ‘வென் கொன்மிகோ’, என்னோடு வா என்று ஸ்பானிய மொழியில் கூப்பிடுவார். லத்தீனிலிருந்து பிறந்த மொழி அது. ‘கொன்’ எங்கள் ‘கும்’தான் என்று உடனே பிடிபட்டது. சரி, இந்த ‘மிகோ’ என்ன? அதை அறியவே மாலை வகுப்பில் ஸ்பானிய மொழி படிக்கப் போனேன்.

அதுவும் சுவாமியின் ‘மேக்கும்’தான்! பேச்சில் கடைசி ‘ம்’ விழுந்துவிட்டது. இரண்டு உயிருக்கு நடுவில் நின்ற வல்லொலி மெலிந்தது, ‘அமீக்கோ’ ஸ்பானியத்தில் ‘அமிகோ’ ஆனது போல. ‘மிகோ’வுக்குள் ‘உடன்’ இருப்பதை மக்கள் மறந்து, முன்னால் இன்னொரு ‘கொன்’ சேர்த்தார்கள். பிரித்துப் பார்த்தால் ‘உடன்-என்-உடன்’. ‘கொன்திகோ’, உன்னோடு என்பதும் அப்படியே. இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தேய்ந்த இடத்தில் அந்த மக்கள் போட்ட ஒட்டு அது.

லத்தீன் பிழைகளைத் திருத்தும் பழைய பட்டியல் ஒன்றில் ‘நோபிஸ்கும், நோஸ்கும் அல்ல’ என்று இருக்கிறது. எங்களுடன் என்பதைச் சனங்கள் ‘நோஸ்கும்’ என்றே பேசியிருக்கிறார்கள். அது பழைய ஸ்பானியத்தில் ‘கொன்னுஸ்கோ’வாக நின்று, அப்புறம் வழக்கொழிந்தது. இன்றைக்கு ‘கொன் நொசோத்ரோஸ்’தான்.

சில ஞாயிறுகளில் அந்த நண்பரோடு ஸ்பானியப் பூசைக்குப் போகிறேன். ஆண்டவர் உங்களோடு என்பதற்கு அங்கே ‘கொன் உஸ்தேதெஸ்’ என்கிறார்கள். பின்னால் ‘கும்’ இல்லை. என் வாயில் மட்டும் இன்னும் அந்தப் பழைய பதில்தான் வருகிறது.