பொடி டப்பா வாங்குவதற்கு முன்னால்

குன்னூரில் நவம்பர் பிறந்துவிட்டால், என் தையல் கடைக்கு வருபவர்கள் மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் அளவு கொடுக்கிறார்கள். பேச்செல்லாம் எதிர்ப்பு சக்தியைப் பற்றித்தான். எந்தப் பொடி நல்லது, எந்த லேகியம், வெறும் வயிற்றிலா, பாலிலா? சுற்றுலா வருபவர்களுக்காக அடுக்கி வைத்திருந்த டப்பாக்களை இப்போது ஊர்க்காரர்களே வாங்குகிறார்கள்.

இந்தச் சக்தியைக் 'கூட்டுவது' என்ற பேச்சே எனக்கு ஒத்துவருவதில்லை. கூடக்கூட நல்லது என்றால், தூசி பட்டதும் அடுக்கடுக்காகத் தும்முகிறவர்தான் ஊரிலேயே பெரிய ஆரோக்கியசாலி. ஒவ்வாமை என்பதே, வேண்டாத இடத்தில் அந்த எதிர்ப்பு வரிந்துகட்டிக்கொண்டு நிற்பதுதான். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் போதும். நாம் குறுக்கே நிற்காமல் இருக்க வேண்டும்.

குளிர்காலத்தில் நன்றாகவே குறுக்கே நிற்கிறோம். வைரஸ் இல்லாமல் வெறும் குளிர் சளியைக் கொண்டுவராது. ஆனால் பொழுது சாய்வதற்குள் சன்னல்களைக் கொக்கி போட்டு, இடுக்கில் பழைய துணியைத் திணித்துவிட்டு வீடே ஓர் அறையில் உட்கார்ந்தால், ஒருவர் இருமல் எல்லோருக்கும் பங்கு. சிலர் கரி அடுப்பையும் உள்ளே கொண்டுவந்து வைக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும். எங்கள் வீட்டில் பகலில் எதிரெதிர்ச் சன்னல்கள் திறந்தே இருக்கும். மாமியார் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என்னைத் திட்டுவார். திட்டட்டும்.

அடுத்தது கை. இங்கே குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும், அதனால் பலர் நுனிவிரலை நனைத்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அழுக்கு போக வெந்நீர் கட்டாயமில்லை. சோப்பும் 20 விநாடித் தேய்ப்பும் போதும். ஆனாலும் அந்தத் தண்ணீரில் 20 விநாடி யார் நிற்பார்கள்? கடையில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் வைத்து, குவளையில் கலந்துகொள்கிறேன். துணியில் கோடு போடும் நீலச் சாக்பீஸ் எனக்கு நல்ல கண்காணிப்பாளர்: கட்டைவிரல் நகத்தோரம் நீலம் தெரிந்தால், இன்னொரு முறை தேய்க்க வேண்டும் என்று அர்த்தம்.

தூக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, அதை டப்பாவில் விற்க முடியாதல்லவா! 2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. பண்டிகை நேரத்தில்கூட இரவில் மிஷினை மூடிவிடுகிறேன். ரவிக்கை ஒரு நாள் தாமதமானால் உலகம் கவிழ்ந்துவிடாது.

சாப்பாட்டில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. காரட்டைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்கினால் வைட்டமின் ஏ-க்கான சத்து நன்றாகச் சேரும். நெல்லிக்காய், கொய்யா, பருப்பு, கீரை. சுக்குக் காப்பி நானும் குடிக்கிறேன், தொண்டைக்கு இதமாக இருப்பதால்.

எதிர்ப்பை உடம்புக்கு உண்மையாகவே கற்றுத்தருவது தடுப்பூசி. சிம்ஸ் பூங்கா அருகில் 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு ஊசி தயாரித்த ஊர் இது. இங்கேயும் பொடிக்குத்தான் மவுசு. இன்புளூயன்சா வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் அதற்கான ஊசியை ஆண்டுதோறும் போட வேண்டும். மாமியாருக்கு மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிட்டோம். கை வலிக்கிறது என்று அன்று சப்பாத்தி தேய்க்கும் வேலை முழுவதும் என் தலையில் விழுந்தது.