புக்கிட் ரோத்தான் கால்வாய்க்கரை

3.3.2025, திங்கள்

பசியாறிவிட்டு செம்பனைக் காட்டுப் பக்கம் மோட்டாரில் போனேன். பெரிய கால்வாய் ஓரமாக இரண்டு உடும்புகள், தலையிலிருந்து வால்வரை அளந்தால் என்னைவிட நீளம் இருக்கும், பின்னங்காலில் எழுந்து நின்று ஒன்றையொன்று கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஜோடி போல என்று நினைத்து ஃபோனை எடுத்தேன். குலை வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் சிரித்துவிட்டார். "ஜோடியும் இல்ல கீடியும் இல்ல தம்பி, ரெண்டும் ஆம்பள."

வாலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, தோளைப் பிடித்து, எதிராளியைச் சாய்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் போட்டி. சாய்ந்தது எழுந்தது, மறுபடி கட்டிப்பிடி, மறுபடி சாய்ந்தது. மூன்றாவது தடவை அது திரும்பியே பார்க்காமல் தண்ணீரில் இறங்கிவிட்டது. ஜெயித்தது பிளவுபட்ட நாக்கை நீட்டி நீட்டி, எதிராளி விழுந்த இடத்தை மோந்து பார்த்துக்கொண்டே நின்றது.

5.3.2025, புதன்

நாள் முழுக்க மழை. வெளியே போகவில்லை.

6.3.2025, வியாழன்

எலியைப் பிடிக்கட்டும் என்று தோட்டத்தில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்திருக்கிறார்களே, அதில் கூகை குடியிருக்கிறது. பாட்டிக்கு அது சாக்குருவி, ராத்திரி கத்தினால் கதவைச் சாத்திவிடுவார். ஆனால் அதன் காது இருக்கிறதே! இடக்காது ஓட்டை கொஞ்சம் மேலே, வலக்காது கீழே. அந்த வித்தியாசத்தை வைத்தே கும்மிருட்டில் எலி எங்கே நகர்கிறது என்று பிடித்துவிடும். இறகும் சத்தம் போடாது. கம்பத்தடியில் அது கக்கிப்போட்ட கறுப்பு உருண்டையைக் குச்சியால் பிரித்தேன். முடிக்குள்ளே மூன்று எலி மண்டை, முன்பற்கள் இன்னும் ஆரஞ்சு நிறத்தில்.

பாட்டியிடம் சொன்னேன். "கை கழுவுனியா?" என்றார்.

9.3.2025, ஞாயிறு

மதகுப் பக்கம் நீர்நாய்கள், ஏழு எண்ணினேன். வரிசை கட்டி மீனைக் கரைக்கு ஒதுக்கின. மேலே குமிழிதான் தெரிந்தது, அப்புறம் திடீரென்று ஒரு தலை, வாயில் துடிக்கும் திலாப்பியா. முள் நொறுங்குவது இந்தக் கரைவரை கேட்டது. வயிறு நிறைந்ததும் புல்லில் புரண்டு உடம்பைத் துவட்டிக்கொண்டன. குட்டிகள் இரண்டு, ஒன்றின் வாலை ஒன்று கடித்து, உருண்டு, தண்ணீரில் விழுந்து, ஏறி வந்து மறுபடியும் அதே வேலை. கரையில் நடந்த சண்டையும் திங்கட்கிழமை உடும்புச் சண்டை மாதிரியே இருந்தது, கீச்சுக்கீச்சென்ற சத்தம் மட்டும்தான் கூடுதல்.

என் பக்கத்தில் விடியற்காலையிலிருந்து தூண்டில் போட்டிருந்த அங்கிள் ஒன்றும் சொல்லாமல் நூலைச் சுருட்டினார்.