ஏழு மீட்டர் கொடி, மூன்று சதவீதக் கசப்பு: ஜாடெட்ஸ் போய் வந்த கதை

பீர் குடிக்கிறவர்களிடம் அந்தக் கசப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் பார்லி என்பார்கள். பார்லி தருவது சர்க்கரையும் நிறமும்தான், கசப்பும் வாசனையும் ஹாப்ஸ் கொடியின் பூவிலிருந்து வருகிறது. அந்தக் கொடியைப் பார்ப்பதற்கென்றே ஓர் ஊருக்குப் போகலாமென்றால் நான் சொல்வது செக் நாட்டு ஜாடெட்ஸ். ப்ராக்கிலிருந்து வடமேற்கே சுமார் 80 கி.மீ., பஸ்ஸில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஜெர்மன்காரர்கள் இதே ஊரை ஸாட்ஸ் என்பார்கள். உலகம் முழுக்க பீர் காய்ச்சுகிறவர்கள் சொல்லும் ஸாட்ஸ் ஹாப்ஸ் இங்கே விளைவதுதான். 2023இல் ஊரின் பழைய ஹாப்ஸ் கிடங்குகளையும் பக்கத்துத் தோட்டங்களையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டுவிட்டார்கள்.

நான் போனது ஆகஸ்ட் கடைசி, அறுவடை நடக்கிற நேரம். ஊர் நெருங்கும்போதே சாலையின் இரண்டு பக்கமும் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. நம் ஊர் வெற்றிலைக் கொடிக்காலை அண்ணாந்து பார்க்கிற உயரத்துக்கு இழுத்துவிட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஏழு மீட்டர் கம்பங்கள், மேலே கம்பி வலை, அதிலிருந்து தரைக்கு இறங்கும் மெல்லிய கம்பிகள், ஒவ்வொன்றிலும் சுற்றி ஏறிய கொடி. ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் கம்பிகளைப் புதிதாகக் கட்டி, மே மாதத்தில் ஆட்கள் குனிந்து குனிந்து இளங்கொடிகளைக் கையாலேயே சுற்றிவிட வேண்டுமாம். அதற்குப் பிறகு அது பாட்டுக்கு ஏறும், ஜூனில் நல்ல வெயில் இருந்தால் ஒரே நாளில் இருபது முப்பது சென்டிமீட்டர்கூட வளரும்.

ப்ராக்கில் வேலை பார்க்கும் என் நண்பன் மூலமாக ஒரு விவசாயக் குடும்பம் அறிமுகமாகியிருந்தது. டிராக்டர் கொடியை அடியில் வெட்டி, மேலே பிய்த்து, முழுசாக டிரெய்லரில் போட்டுக்கொண்டு கொட்டகைக்கு வருகிறது. அங்கே பெரிய இயந்திரம் கொடியைத் தலைகீழாக மாட்டி இலை வேறு, பூ வேறு என்று உருவிவிடுகிறது. அந்தச் சத்தத்தில் பேசவே முடியாது. சோஷலிசக் காலத்தில் இந்த வேலைக்குப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை வண்டி வண்டியாக அனுப்புவார்களாம், ஐம்பது வயது தாண்டிய செக்காரர் யாரைக் கேட்டாலும் அதைப் பற்றி ஒரு காதல் கதை வைத்திருக்கிறார்.

வீட்டுப் பெரியவர் இயந்திரத்தின் ஓடும் பெல்ட்டிலிருந்து ஒரு கைப்பிடி பூவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "கசக்குங்கள், கூச்சப்படாதீர்கள்" என்றார், நண்பன் மொழிபெயர்த்தான். கட்டைவிரல் அளவு பச்சைக் கூம்பு, காகிதம் போல மெல்லிய இதழ்கள். இதழைப் பிரித்தால் அடியில் மகரந்தம் போல மஞ்சள் தூள் ஒட்டியிருக்கிறது. மகரந்தம் கிடையாது, லுபுலின் என்ற பிசின். பயிரிடுவதெல்லாம் பெண் கொடிதான், ஆண் கொடி பக்கத்தில் இருந்தால் விதை பிடித்துவிடும் என்று தேடித் தேடிப் பிடுங்கிவிடுகிறார்கள். தேய்த்ததும் விரல் பிசுபிசுத்தது. வெட்டிய புல், கொஞ்சம் மிளகு, பின்னால் ஏதோ பூ வாசனை. சாயங்காலம் வரை சோப்புப் போட்டும் போகவில்லை, நானும் பெரிதாக முயற்சி செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

கசப்பைத் தருவது லுபுலினில் இருக்கும் ஆல்ஃபா அமிலம். இங்கேதான் ஸாட்ஸின் வேடிக்கை: அதில் ஆல்ஃபா மூன்று, நான்கு சதவீதம்தான். அமெரிக்காவின் சிட்ரா என்ற ஹாப்ஸ் ரகம் பத்தைத் தாண்டும். விளைச்சலும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, ஹெக்டேருக்கு ஒரு டன் வந்தாலே நிம்மதி. நோய் வரும், வறட்சி தாங்காது. கணக்குப் பார்க்கிற எந்த விவசாயியும் எப்போதோ பிடுங்கிப் போட்டிருக்க வேண்டிய ரகம். ஆனாலும் செக் நாட்டு ஹாப்ஸ் நிலத்தில் மிகப் பெரும்பகுதி இன்னமும் இதுதான். காரணம் வாசனை. 1842இல் பில்சென் நகரில் யோசெப் க்ரோல் காய்ச்சிய அந்தப் பொன்னிற பீர் இந்த ஹாப்ஸை நம்பித்தான் வந்தது, அதே மாதிரி காய்ச்ச நினைக்கிறவர்கள் இன்றும் இங்கே வருகிறார்கள், ஜப்பான்காரர்கள் முக்கியமாக.

பழைய ரகம் என்பதால் மனிதக் கை படாதது என்று நினைக்க வேண்டாம். கரேல் ஆஸ்வால்ட் என்பவர் 1927இலிருந்து தோட்டம் தோட்டமாகச் சுற்றி நல்ல கொடிகளைப் பொறுக்கிப் பெருக்கினார். அவர் தேர்ந்தெடுத்த 31, 72, 114 என்ற எண் கொண்ட குளோன்கள், அதாவது ஒரே கொடியிலிருந்து பெருக்கிய நகல்கள், 1952இல் பதிவாயின, அவர் அப்போது உயிரோடு இல்லை. இன்று தோட்டங்களில் நிற்பவை பெரும்பாலும் அந்தக் கொடிகளின் வாரிசுகள்.

புதிய ரகங்களும் உண்டு, எல்லாம் இதே ஊரில் இருக்கும் ஹாப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. 90களில் ஸ்லாடெக், ப்ரெமியன்ட். 2001இல் அக்னுஸ், ஆல்ஃபா பத்து சதவீத வாக்கில், கசப்புக்கு என்றே வைத்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்தது 2008இல் வந்த காஸ்பெக். காகசஸ் பக்கத்துக் காட்டு ஹாப்ஸைக் கலந்து உருவாக்கியது, பெயரும் அங்கிருக்கும் மலையின் பெயர். கசக்கினால் எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு வாசனை. பெரியவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது போல, "இளைஞர்களுக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். வெயில் கூடக்கூட ஸாட்ஸின் ஆல்ஃபா இன்னும் குறைகிறது என்பதால், அதன் வாசனையை வைத்துக்கொண்டு வறட்சியைத் தாங்கும் ரகங்களையும் கொண்டுவந்திருக்கிறார்கள், பெரியவர் அவற்றையும் ஓர் ஓரத்தில் போட்டிருக்கிறார்.

பூ பச்சையாக இருந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் பறித்த கையோடு 55 டிகிரி சூட்டில் மணிக்கணக்கில் காயவைத்து ஈரத்தைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். அந்தக் காலத்தில் அதற்கு மேல் கந்தகப் புகையும் போடுவார்கள், ஊருக்குள் அங்கங்கே நிற்கும் உயரமான செங்கல் புகைபோக்கிகள் அதற்குத்தான்.

மாலையில் 'ஹாப்ஸ், பீர் கோயில்' என்று பெயர் வைத்திருக்கும் வளாகத்துக்குப் போனோம். அருங்காட்சியகம் நன்றாக இருக்கிறது, அங்கே நிற்கும் கோபுரம் சுமார்தான். அங்கே இருக்கும் கடையில் ஒரே மாதிரி லாகர் வகை பீர் இரண்டு, ஸாட்ஸ் போட்டது ஒன்று, காஸ்பெக் போட்டது ஒன்று. கொதிக்கும்போது ஆரம்பத்தில் போட்ட ஹாப்ஸ் கசப்பைத் தரும், வாசனை எண்ணெய் ஆவியாகிவிடும், கடைசியில் போட்டது வாசனையாக நிற்கும். ஸாட்ஸை இரண்டுக்கும் போடுவதால் அந்தக் கசப்பு நாக்கைப் பிடித்து இழுக்காமல் மெல்ல இறங்குகிறது. காஸ்பெக் முதல் மடக்கில் ஜோர், இரண்டாவது குவளை கேட்கத் தோன்றியது ஸாட்ஸைத்தான். சரி, பெரியவர் பக்கமே வெற்றி.

போவதாக இருந்தால் ஆகஸ்ட் 20க்கு மேல் போங்கள். செப்டம்பர் தொடக்கத்தில் டோசெஸ்னா என்ற அறுவடைத் திருவிழா, சதுக்கம் முழுக்க பீர்க்கடை, அறை கிடைப்பது கஷ்டம், ப்ராக்கிலேயே தங்கிக்கொள்ளலாம். செப்டம்பர் பாதி தாண்டிவிட்டால் தோட்டத்தில் கம்பமும் கம்பியும் மட்டும்தான் இருக்கும்.