நயினாதீவில் ஒரு பாத்திரம்

போன வெள்ளிக்கிழமை அம்மம்மாவின் நேர்த்திக்காக யாழ்ப்பாணத்துக்கு அருகே உள்ள நயினாதீவு போய் வந்தோம். பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று பஸ்ஸில் போய், குறிகட்டுவானில் படகு ஏறினோம். அரிசிப் பை அம்மம்மாவின் மடியில். நாகபூசணி அம்மாளின் கோபுரம் கடலில் இருந்தே தெரிந்ததும் கூப்பிய கையை அவர் கரை சேரும் வரை இறக்கவே இல்லை.

எனக்கோ சில மாதங்களாக மண்டைக்குள் நாகார்ச்சுனர், எல்லாம் சூனியம் என்று சொன்ன பழைய பௌத்த தத்துவ ஆசான். சூனியம் என்றால் நம் ஊரில் செய்வினை, இல்லாவிட்டால் பாழ். அவர் சொல்வது இரண்டும் இல்லை. எது மற்றொன்றைச் சார்ந்து தோன்றுகிறதோ அதைத்தான் சூனியம் என்கிறார். பொருளே கிடையாது என்று அவர் சொல்லவில்லை, எதையும் சாராமல் தானாக நிற்கிற பொருள் ஒன்றுகூட இல்லை என்கிறார். படித்தால் விளங்கியது, மனதில்தான் ஒட்டவில்லை.

கும்பிட்டு முடித்து மதியம் அமுதசுரபி அன்னதான மண்டபத்துக்குப் போனோம். எத்தனையோ முறை சாப்பிட்ட இடம், ஆனால் அந்தப் பெயர் அன்றுதான் உறைத்தது. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று இங்கே பலர் நம்புகிறோம். அந்தக் கதையில் ஆபுத்திரன் கையில் அமுதசுரபி என்ற அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் இருக்கிறது, சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறியவனை மணிபல்லவத்தில் தவறுதலாக விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது, தீவில் உண்ண வேறொருவர் இல்லை, பலர் பசி தீர்க்கும் பாத்திரத்தால் தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்ப மனமில்லாமல் அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். அதே பாத்திரம் பிறகு மணிமேகலையிடம் வந்தபோதும் ஆதிரை முதல் பிச்சை இட்ட பிறகுதான் சுரக்கத் தொடங்கியது. இடுகிறவளும் வேண்டும், பசித்தவரும் வேண்டும். நாகார்ச்சுனரை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

முதல் பந்தியில் இருங்கோ என்று கூப்பிட்டும் அம்மம்மா இருக்கவில்லை. கறி வாளியை வாங்கிக்கொண்டு பரிமாறப் போய்விட்டார். எழுபத்தாறு வயதில் ஏன் இந்தக் கஷ்டம் என்று கேட்டேன்.

"அவையள் வந்திருந்து சாப்பிடுறபடியாத்தானே எங்களுக்குப் புண்ணியம். நீ போய் இரு."

எனக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும், கண் கலங்கியபடியே சாப்பிட்டேன்.

அப்புறம் நாகதீப விகாரைக்கும் போனோம். ஓர் ஆசனத்துக்காகச் சண்டையிட்ட நாக மன்னர்களைப் புத்தர் வந்து சமாதானப்படுத்தியதாகச் சொல்லப்படும் இடம். அங்கேயும் அம்மம்மா பூ வைத்துக் கும்பிட்டார்.

அமுதசுரபி பொய்கையில் இருந்து மேலே வருவது வைகாசிப் பௌர்ணமியில் என்று திரும்பும் படகில் சொன்னேன். சரி, அன்றைக்கே வருவோம், இன்னும் கொஞ்சம் கூட அரிசி கொண்டு வரலாம் என்றார்.