ஒரே சதுரம், 26 வருடம்

ஓவியரும் ஓவிய ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸ் ‘சதுரத்துக்கு மரியாதை’ என்ற ஓவிய வரிசையை 1950-இல் தொடங்கியபோது அவருக்கு 62 வயது. 1976-இல் இறக்கும்வரை அதை விடவில்லை. ஆயிரத்துக்கும் மேல் வரைந்து தள்ளியிருக்கிறார். எல்லாம் ஒரே அமைப்பு: சதுரத்துக்குள் சதுரம், மூன்றோ நான்கோ. “இதை நானே வரைவேனே” என்று தோன்றும். தோன்றட்டும், தப்பில்லை.

வடிவத்தை அவர் அசையவிடாமல் கட்டிப்போட்டதே, படத்துக்குப் படம் எது மாறினாலும் அது நிறத்தின் வேலைதான் என்று நமக்குத் தெரியத்தான். இதை நம்பாதவர்கள் அவர் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சியைச் செய்து பார்க்கலாம். பெயின்ட் வேண்டாம், கலர் பேப்பர் போதும். அவரும் வகுப்பில் பேப்பரைத்தான் விரும்பினார். நான் மங்கலான பச்சைத் தாள் ஒன்றிலிருந்து இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மஞ்சள் அட்டையிலும் மற்றதை அடர்நீல அட்டையிலும் ஒட்டினேன். மஞ்சள்மேல் இருந்தது கறுத்து, நீலம் பாய்ந்த மாதிரி ஆகிவிட்டது. நீலத்தின்மேல் இருந்தது வெளிறி, மஞ்சள் தட்டியது. அக்கா மகன் பார்த்துவிட்டு, “சித்தி, ரெண்டும் வேற வேற பேப்பர்தானே?” என்றான். வெள்ளைத் தாளில் இரண்டு ஓட்டை போட்டு, துண்டுகள் மட்டும் தெரிகிற மாதிரி மேலே வைத்துக் காட்டிய பிறகும் அவன் முழுசாக நம்பவில்லை.

அதற்காகச் சதுரம் சும்மா கிடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. உள்சதுரங்கள் நடுவில் இல்லை, கீழே இறங்கி நிற்கின்றன. கீழே ஒரு பங்கு இடம் விட்டால் பக்கங்களில் இரண்டு, மேலே மூன்று. சரிநடுவில் வைத்திருந்தால் அம்பெய்யும் பலகை மாதிரி செத்துப்போயிருக்கும்.

செய்முறையும் எனக்குப் பிடிக்கும். மேசனைட் என்ற, மரநாரை அழுத்திச் செய்த பலகையின் சொரசொரப்பான பக்கத்தில் வெள்ளை பூசி, அதன்மேல் பெரும்பாலும் ட்யூபிலிருந்து பிதுக்கிய நிறத்தை அப்படியே கத்தியால் தேய்ப்பார். நடுவில் தொடங்கி வெளியே வருவார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் அப்பாவிடம் கற்ற வழக்கம்: அப்படி அடித்தால் சட்டைக் கையில் ஒட்டாது.

அப்புறம், பலகையின் பின்பக்கத்தில் எந்த நிறம், எந்தக் கம்பெனி என்று பட்டியல் எழுதிவைப்பார். ஒரே பெயருள்ள மஞ்சள்கூடக் கம்பெனிக்குக் கம்பெனி மாறுமே! என்னைக் கேட்டால், மியூசியங்கள் அந்தப் பின்பக்கத்தையும் பார்க்கிற மாதிரி மாட்டவேண்டும்.