டெசலேஷன் சவுண்ட் நோக்கி மூன்று படகுகள்

ஜூலை 20, சனி – கிப்சன்ஸ்

கனடாவின் மேற்குக் கரையில் வன்கூவரின் போல்ஸ் கிறீக்கை விட்டு, வடக்கே மலைகளுக்குள் நுழையும் டெசலேஷன் சவுண்ட் என்ற கடற்பகுதிக்கு வெளிக்கிடும்போது காலை பத்து மணி தாண்டிவிட்டது. அம்மாவின் புட்டுக்குழல், அரிசிமா, மிளகாய்த்தூள், கருவாட்டுப் பொதி எல்லாவற்றையும் 34 அடிப் படகில் எங்கே அடைவது என்று பார்ப்பதற்கே நேரம் போய்விட்டது. கருவாட்டை நாலு உறைக்குள் போட்டுக் கட்டிப் பின்பக்கப் பெட்டிக்குள் வைத்தாயிற்று.

மூன்று படகுகள் சேர்ந்து போகிறோம். எங்கள் படகில் நான், இவர், மூத்தவள், சின்னவன், என் அம்மா. இரண்டாவது படகில் எங்களோடு ஒன்றாகப் பாய்ப்படகு பழகிய அண்ணாவும் அக்காவும். அவர்களுடைய மகளுக்கும் எங்கள் மூத்தவளுக்கும் ஒரே வயது. மூன்றாவது, எங்கள் எல்லாருக்கும் பாய் இழுக்கவும் நங்கூரம் போடவும் சொல்லித்தந்த மூத்த தம்பதி. இருவரும் எழுபது தாண்டியவர்கள், இந்தக் கரையிலேயே வளர்ந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களைத் தாத்தா, பாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழில் கூப்பிட்டாலும் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

புறப்படுமுன் ஒன்று பேசிக்கொண்டோம். தினமும் காலை ஏழு மணிக்கு வானொலியில் 69ஆம் அலைவரிசையில் மூன்று படகும் கதைக்க வேண்டும். யாராவது ஒருவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் காரணம் கேட்காமல் எல்லாரும் நிற்க வேண்டும். சின்னப் பிள்ளை பயப்பட்டாலும் அது போதும். இதை நான் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கினேன். வேகமான படகுக்காரர் திட்டம் போட்டால், மெதுவான படகில் இருப்பவர்கள் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டு பின்னால் வருவார்கள். கடலில் ஆபத்து பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

பொயின்ட் அட்கின்சன் கலங்கரை விளக்கம் தாண்டும்வரை காற்றில்லை, இயந்திரத்தில்தான் ஓடினோம். ஹவ் சவுண்ட் வாயில் மெல்லிய காற்று வந்ததும் இவர் இயந்திரத்தை நிறுத்தினார். அந்த அமைதியில் அம்மா முதல் தடவையாக வெளியே வந்து உட்கார்ந்தா.

ஜூலை 21, ஞாயிறு – ஸ்மக்லர் கோவ்

கோடையில் வானம் தெளிந்திருந்தால் ஜோர்ஜியா நீரிணையில் வடமேல் காற்றுத்தான். வடக்கே போகிறவர்களுக்கு அது முகத்தில் அடிக்கும், மத்தியானத்துக்குப் பிறகு வலுக்கும். அதனால் விடியவே கிளம்பிவிட்டோம். மெரி தீவின் கலங்கரை விளக்கத்தில் இன்றும் காவலர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துச் சொல்லும் காற்றும் அலையும் வானொலியில் வரும். கண்ணால் பார்த்த மனிதர் சொல்வதில் எனக்கு ஒரு தனி நம்பிக்கை.

ஸ்மக்லர் கோவின் வாய் மிகவும் ஒடுக்கம். இரண்டு பக்கமும் பாறை, வெள்ளம் ஏறினால் அதில் பாதி கண்ணுக்குத் தெரியாது. தாத்தா முன்னால் போய் வழி காட்ட, மற்ற இரண்டு படகும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போனோம். சீனத் தொழிலாளர்களையும் பிறகு சாராயத்தையும் அமெரிக்காவுக்குக் களவாகக் கடத்தியவர்கள் ஒளிந்த இடம் என்று சொல்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருக்கிறது. வெளியே ஓடும் படகுக்கு இப்படி ஒரு குடா இருப்பதே தெரியாது.

இங்கே நங்கூரம் மட்டும் போதாது. குடா சின்னது, படகு சுற்ற இடமில்லை. முன்னால் நங்கூரத்தை இறக்கி, பின்னோக்கி ஓடி, அது பிடித்ததும் ஒருவர் டிங்கி என்ற சின்னத் துடுப்புப் படகில் நீளமான கயிற்றோடு கரைக்குப் போக வேண்டும். பாறையில் அடித்திருக்கும் வளையத்துக்குள் கயிற்றைக் கோத்து, அதன் நுனியைத் திரும்பவும் படகுக்கே கொண்டுவந்து கட்டுவது முறை. காலையில் புறப்படும்போது கரைக்குப் போகாமலே அவிழ்த்து இழுத்துக்கொள்ளலாம். இன்று மூத்தவள்தான் டிங்கியில் போனாள். துடுப்புப் போட்டபடி கயிறு சிக்காமல் விட வேண்டும், வழுக்கும் பாறையில் ஏற வேண்டும், நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு இருப்போம். இரண்டாம் தடவையில் சரியாகக் கோத்துவிட்டாள். அம்மா கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தளர்த்திவிடு பிள்ளை, வெள்ளம் வத்தினால் இழுக்கும்" என்றா. இந்தக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் நாலைந்து மீற்றர் வித்தியாசம் வரலாம். தாத்தா பக்கத்துப் படகிலிருந்து அதையே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு இருந்தார்.

அம்மாவின் அப்பா வல்வெட்டித்துறையில் தண்டையலாக, அதாவது பாய்க்கப்பல் தலைவராக இருந்தவர். அம்மா அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. எங்கள் வீட்டில் கடல் என்றால் போனவர்களும் திரும்பாதவர்களும்தான்.

ஜூலை 22, திங்கள் – பெண்டர் ஹாபர்

காலை முன்னறிவிப்பு: வடமேல் காற்று 25 முதல் 30 நொட், மணிக்கு ஏறத்தாழ 46 முதல் 55 கிலோமீற்றர். துறைக்குள் ஓடிவந்து கட்டிவிட்டோம்.

ஜூலை 23, செவ்வாய் – பெண்டர் ஹாபர்

இன்னும் அதே காற்று. இங்கிருந்து வடக்கே மலஸ்பினா நீரிணை. ஒரு பக்கம் பெருநிலம், மறுபக்கம் நீண்டு கிடக்கும் டெக்சாடா தீவு. வடமேல் காற்று அந்த நீளத்துக்கு ஓடிவரும்போது, நீரோட்டம் அதற்கு எதிராக இருந்தால் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். அண்ணாவுக்குப் போகத்தான் விருப்பம், அவருடைய படகு பெரியது. பாட்டி வானொலியில் "எனக்கு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். அண்ணா உடனே "சரி" என்றார், பேச்சு முடிந்தது.

பிள்ளைகள் மூவரும் எங்கள் படகில் வந்து அடைந்துகொண்டார்கள். சாப்பிட்டு முடிந்தபின் சின்னவன் அம்மம்மாவிடம், "உங்கட அப்பா இதைவிடப் பெரிய கப்பலா ஓட்டினவர்?" என்று கேட்டான். அம்மா பதில் சொல்லத் தொடங்கியவ, வெகுநேரம் நிறுத்தவில்லை. வல்வெட்டித்துறையிலிருந்து பாய்க்கப்பல்கள் பர்மாவுக்குப் போய் அரிசியும் தேக்கும் ஏற்றிவந்தது. பாயைச் சுருக்கும் நேரத்தைத் தண்டையல் மேகத்தைப் பார்த்தே சொன்னது. அப்புறம் அன்னபூரணியின் கதை: ஊரிலேயே கட்டிய அந்தப் பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்கி, ஊர் மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு போய், 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி மசாசுசெட்ஸின் குளோசெஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். மூத்தவள் கைபேசியில் உலக வரைபடத்தை எடுத்து விரலால் அந்தப் பாதையைப் போட்டுப் பார்த்தாள். காற்றுக்காக நிற்காமல் போயிருந்தால் இந்த மத்தியானம் எங்களுக்குக் கிடைத்திருக்காது. எனக்கே அம்மா இதில் பாதியைச் சொன்னதில்லை.

ஜூலை 24, புதன் – வெஸ்ட்வியூ

விடிய ஐந்து மணிக்கு எண்ணெய் ஊற்றியதுபோலக் கடல். மூன்று படகும் கிளம்பின. இந்தக் கரையில் அமைதியான கடலிலும் ஒருவர் முன்னால் நின்று பார்க்க வேண்டும். மரத் தொழிலில் தவறிய பெரிய மரக்குற்றிகள் மிதந்து திரியும். சில தண்ணீரில் ஊறி, நுனி மட்டும் மேலே தெரிய நிமிர்ந்து நிற்கும். இன்று சின்னவன் கண்டுபிடித்துச் சொன்ன குற்றி எங்கள் படகின் பாதி நீளம் இருக்கும்.

ஏழு மணிக்கு வானொலியில் அக்காவின் குரல். இயந்திரம் சூடாகி அலாரம் அடிக்கிறது, புகைக்குழாயால் தண்ணீர் வரவில்லை, நிறுத்திவிட்டோம் என்றா. குளிர்விக்கும் கடல்நீரை இழுக்கும் பம்புக்குள் ஒரு சின்ன ரப்பர் சக்கரம் இருக்கும். அதன் இதழ்கள் உடைந்தால் இயந்திரத்துக்குத் தண்ணீர் போகாது. காற்றும் இல்லை. அண்ணாவின் படகு டெக்சாடாப் பக்கம் மெதுவாக நகர்ந்துகொண்டு இருந்தது.

நாங்கள் திரும்பிப் போய்க் கயிறு எறிந்தோம். இவர் சுக்கானில், நான் பின்பக்கத்தில் கயிற்றைப் பார்த்தபடி. இழுக்கும் கயிறு திடீரென்று இறுகக் கூடாது, தளர்ந்து உந்துவிசிறிக்குள் போகவும் கூடாது. மூன்று நொட் வேகத்தில் நெடுநேரம் இழுத்தோம். மூத்த தம்பதி பக்கவாட்டில் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் முன்னே போய்த் துறையில் ஓய்வெடுத்திருக்கலாம், போகவில்லை. கிரீப் பொயின்டை நெருங்கும்போது காற்று எழும்பத் தொடங்கிவிட்டது. அண்ணா பாயைத் தூக்கினார், பாரம் குறைந்தது. வெஸ்ட்வியூ அலைதடுப்புச் சுவருக்குள் போய்ச் சேர்ந்தபோது அக்கா அழுதுவிட்டா. பயத்தில் இல்லை, களைப்பில்.

பின்னேரம் ரப்பர் சக்கரத்தை மாற்றினார்கள். பிய்ந்துபோன இதழ்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும், ஒன்று உள்ளே நின்றாலும் வழியை அடைக்கும். தாத்தா எல்லாத் துண்டையும் மேசையில் வைத்துச் சக்கரம்போலப் பொருத்திக் காட்டிவிட்டுத்தான் எழும்பினார். எல்லாருக்கும் அம்மா புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்.

ஜூலை 25, வியாழன் – லண்ட்

போகும் வழியில் பவல் ரிவரின் பழைய காகித ஆலைக்கு முன்னால், கொங்கிரீட்டில் கட்டிய பழைய கப்பல்களைச் சங்கிலியில் கோத்து அலைதடுப்பாக மிதக்கவிட்டிருக்கிறார்கள். கொங்கிரீட் எப்படி மிதக்கும் என்று சின்னவன் கேட்டபடியே வந்தான். லண்டில் 101ஆம் நெடுஞ்சாலை முடிந்துவிடுகிறது. 1889இல் வந்த சுவீடன் நாட்டுச் சகோதரர்கள் தங்கள் நாட்டு நகரம் ஒன்றின் பெயரையே வைத்துவிட்டார்கள். துறைமேலுள்ள வெதுப்பகத்தின் பிளாக்பெரி பணிசுக்கு வரிசையில் நின்றோம். நிற்கலாம்.

ஜூலை 26, வெள்ளி – பிரிடோ ஹேவன்

சாரா முனையைச் சுற்றித் திரும்பியதும் எல்லாரும் பேசுவதை நிறுத்திவிட்டோம். கடல் நேராக மலைகளுக்குள் போகிறது. மலையுச்சிகளில் பனி, அடியில் கறுத்த பச்சைத் தண்ணீர். கரையிலிருந்து ஒரு கல்லெறி தூரத்திலேயே ஆழமானியில் எண் நிற்கவில்லை.

1792 ஜூனில் கப்டன் ஜோர்ஜ் வன்கூவர் இங்கே வந்து, மழையும் இருளுமாக இருந்த இந்த இடத்துக்கு டெசலேஷன் என்று பெயர் வைத்தார். யாருமற்ற பாழ் என்ற எண்ணம். ஆட்கள் இருந்தார்கள். இது டிலாமின், கிளஹூஸ், ஹோமல்கோ என்ற பூர்வகுடி மக்களின் இடம். அவருடைய ஆட்கள் இந்தப் பகுதியில் ஒரு வெறிச்சோடிய ஊருக்குள் போய், தெள்ளுப்பூச்சிகள் மொய்த்துக் கடலுக்குள் ஓடிக் குதித்தார்கள். கோடைக்கு ஊர்மக்கள் வேறிடம் போயிருந்தால் வீடுகள் வெறிச்சோடித்தான் கிடக்கும். ஒரு மழைக்கால விருந்தாளி வைத்த பெயர் இருநூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறதே என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதே பயணத்தில் எனக்குப் பிடித்த ஒரு செய்தியும் உண்டு. வன்கூவரிடம் டிஸ்கவரி, சாட்டம் என்ற இரு கப்பல்கள். ஸ்பெயினின் கலியானோ, வால்டேஸ் ஆகியோரிடம் சுட்டில், மெக்சிகானா என்ற இரு சிறு கப்பல்கள். இந்தக் கரைக்காகப் போட்டியிட்ட இரண்டு அரசுகள். பொயின்ட் கிரே அருகே சந்தித்தவர்கள், இந்த ஒடுங்கிய நீர்வழிகள் வரை சேர்ந்தே வந்து, வரைந்த படங்களைப் பகிர்ந்துகொண்டார்கள். தெரியாத கரையில் பக்கத்தில் இன்னொரு பாய் தெரிவது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது மலஸ்பினாவில் அண்ணா வீட்டாருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று படகையும் பக்கத்தோடு பக்கம் சேர்த்துக் கட்டி, கரைக்கு இரண்டு கயிறு. பிள்ளைகள் ஒரு படகில் ஏறி மறுபடகால் கடலில் குதிக்கிறார்கள். தண்ணீர் 20 பாகைக்கு மேலே! வன்கூவர் தீவின் தெற்கால் நுழையும் பெருக்கும் வடக்கால் சுற்றிவரும் பெருக்கும் இந்தப் பக்கத்தில்தான் சந்திக்கின்றன. அதனால் தண்ணீர் அதிகம் மாறாமல் நின்று வெயிலில் சூடாகிறது. அம்மா சோட்டியோடு ஏணியில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் ஏணியைப் பிடித்தபடி அரை மணித்தியாலம் நின்றா.

ஜூலை 29, திங்கள் – பிரிடோ ஹேவன்

கோடையில் பெரிய வற்று பகலில் வரும். கரைப்பாறை முழுக்கச் சிப்பி. அனுமதிச் சீட்டு வேண்டும், அதோடு கடல் நுண்பாசியால் சிப்பிக்குள் சேரும் செந்நீர் நச்சு காரணமாக அந்தக் கரை மூடியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சமைத்தாலும் அந்த நச்சுப் போகாது. இன்று மூடியிருந்தது. பார்த்துக்கொண்டு வந்துவிட்டோம். அம்மாவின் கருவாடு வெளியே வந்தது. தாத்தா இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

இரவு நிலா இல்லை. வாளியால் தண்ணீர் ஊற்றினால் நெருப்புப்பொறிபோல ஒளிர்ந்தது. பிள்ளைகள் தூங்கப் போகும்போது பன்னிரண்டு.

ஓகஸ்ட் 2, வெள்ளி – பெண்டர் ஹாபர்

நேற்று லண்ட், இன்று நீண்ட ஓட்டம். வடமேல் காற்று இப்போது முதுகுக்குப் பின்னால். பெரிய பாயை ஒரு பக்கமும் முன்பாயை மறுபக்கமும் விரித்து மலஸ்பினாவில் ஓடினோம். பின்காற்றில் படகு உருளும். சுக்கான் பிடிப்பவர் கவனம் தவறினால் பெரிய பாயின் அடிக்கட்டை ஒரே அடியாக மறுபக்கம் பாயும். அதனால் அதை முன்னால் இழுத்துக் கயிறு கட்டிவைத்தோம். மூத்தவள் சுக்கானைக் கேட்டாள். இவர் கொடுத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அம்மா பாயைப் பார்க்கவில்லை, பின்னால் வரும் அலையைப் பார்த்து, "இப்ப... இப்ப" என்று மெல்லச் சொல்லிக்கொண்டு வந்தா. அந்தச் சொல்லுக்கு மூத்தவள் சுக்கானைத் திருப்பினாள். கொஞ்ச நேரத்தில் அம்மா சொல்லுமுன்னமே திருப்பினாள்.

ஓகஸ்ட் 4, ஞாயிறு – வன்கூவர்

பாய்களை நன்னீரில் அலசிக் காயப்போட்டோம். நனைந்த கயிறுகள் வீட்டு மாடத்தில் தொங்குகின்றன. அண்ணா பம்புக்கு இரண்டு உதிரிச் சக்கரங்கள் வாங்கியாயிற்று, ஒன்று எங்கள் படகில் இருக்கட்டும் என்றார்.

அடுத்த கோடைக்கு அம்மா பிரின்செஸ் லூயிசா நீர்வழி என்கிறா, தாத்தா படம் காட்டியிருக்கிறார். அதன் வாயிலுள்ள மலிபு நீர்ச்சுழிப்பை, வற்றும் பெருக்கும் மாறும் அந்தச் சிறு இடைவேளையில்தான் கடக்க வேண்டும். மூத்தவள் வற்றுப்பெருக்கு அட்டவணையை எப்படி வாசிப்பது என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தத் தடவை புறப்படும் நாளை அவளே பார்த்துச் சொல்லட்டும்.